பத்து மணி முதல் ஒரு மணி வரை

ஜனவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இந்தக் குளிரில் முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன, மற்றபடி குறையில்லை. உனக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா, தலைசுற்றல் உண்டா, அதை முதலில் எழுது.

நீ அனுப்பிய பட அட்டை வந்தது. முன்பக்கம் கப்பல், பின்பக்கம் நாலு வரி. என் தங்கை ஆறு மாதம் உலகம் சுற்றும் கப்பலில் ஏறிவிட்டாள் என்பது அந்த நாலு வரியில்தான் எனக்குத் தெரிந்தது. அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு வேலை செய்ய உன்னால்தான் முடியும். கூடவே கப்பல் நிற்கும் ஊர்களின் பட்டியல், ஒவ்வொரு துறைமுகத்திலும் கடிதத்தை வாங்கி வைக்கும் ஏஜென்ட்டின் முகவரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் இருந்த கை என்பது அதிலேயே தெரிகிறது.

பட்டியலில் பதினொன்றாவது ஊர் என் ஊர். ஏப்ரல் எட்டு, காலை ஏழு முதல் மாலை நாலு வரை. அந்த வரியின் கீழே நீ கோடு எதுவும் போடவில்லை. நான் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு நீ இறங்கி வீட்டுக்கு வா. துறைமுகத்திலிருந்து இருபது நிமிடம்தான். உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதிப் பார்த்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். போனில் சொல்லலாமென்றால் என் காது தெரிந்ததுதானே. மிஷின் வைத்தும் பாதிதான் விழுகிறது, அதுவும் வேண்டாத பாதி.

வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தாய்? மாடிச் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

காற்றில் அதிகம் நிற்காதே. பதில் போடு.

உன் அண்ணன்

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதல் மூன்று நாள் கப்பலோடு சேர்ந்து வயிறும் ஆடியது. இப்போது கப்பல் நின்றால்தான் எனக்குத் தள்ளாடுகிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. யாராவது சொன்னால்தான் செய்வாய், அதனால் சொல்கிறேன்.

என் அறை ஐந்தாவது தளம். வட்ட ஜன்னல், ஒரு கட்டில், ஒரு நாற்காலி. படுக்கை விரிக்க வரும் பெண் தினமும் துண்டை மடித்து ஒரு மிருகம் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போகிறாள். நேற்று முயல், இன்று குரங்கு. யாரும் பார்க்காதபோது நான் அதற்குக் காலை வணக்கம் சொல்கிறேன். தலையணைக்கு ஒரு பட்டியலே கொடுக்கிறார்கள் அண்ணா, கல் மாதிரி, பஞ்சு மாதிரி, நடுத்தரம் என்று. நான் என் பழைய தலையணையைத்தான் வைத்துக்கொள்கிறேன். அது இல்லாமல் எனக்கு ஊரும் இல்லை, தூக்கமும் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் என்னோடு ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். அடுத்த ஊரில் இறங்கிவிடுவார்கள், வேறு யாராவது வருவார்கள். மறுபடி முதலிலிருந்து, நான் யார், எங்கே வேலை பார்த்தேன், எல்லாம்.

ஏப்ரல் எட்டு எழுதியிருந்தாய். என்னால் இறங்க முடியாது அண்ணா. கணுக்கால் சுளுக்கிக்கொண்டது, படி கூடாது என்கிறார் கப்பல் டாக்டர். வேண்டுமானால் நீ இங்கே வரலாமா என்று கேட்கிறேன். டிக்கெட் இல்லாத ஆளை உள்ளே விடுவார்களா, எனக்கே தெரியவில்லை.

என் கடிதத்தில் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே. ஹாஸ்டலில் இருந்தபோது நான் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பினவன் நீ. என் ரூம்காரிகள் வருடம் முழுக்கச் சிரித்தார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

சின்னவள்

*

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன், கால் நன்றி சொல்லச் சொன்னது. உன் கணுக்கால் எப்படி இருக்கிறது? ஜனவரியில் பிடித்த சுளுக்கு ஏப்ரலிலும் இருக்கும் என்று இப்போதே சொல்கிற டாக்டர் கெட்டிக்காரர்தான்.

துறைமுக அலுவலகத்துக்குப் போய் வந்தேன். கீழ் வீட்டு டாக்சிக்காரர் கொண்டுபோய் விட்டார். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா, நல்ல பொறுமைசாலி. நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"டிக்கெட் இல்லாம கப்பல்ல ஏற முடியாது சார்."

"பயணம் போக இல்லைங்க. என் தங்கச்சி அதுல வர்றா. பாத்துட்டு இறங்கிடுவேன்."

"அப்போ அவங்கதான் உள்ள கேக்கணும். நீங்க இங்க கேட்டு ஒண்ணும் ஆகாது."

"நான்தானே பாக்கப் போறேன்?"

"கப்பல் ஒரு வீடு மாதிரி சார். உள்ள இருக்கிறவங்க கூப்பிட்டாத்தான் வெளிய இருக்கிறவங்க போக முடியும். உங்க வீட்டுக்கு நான் வரணும்னா, நான் முடிவு பண்ணாப் போதுமா?"

முப்பத்து நாலு வருடம் வகுப்பில் எடுத்துக்காட்டுச் சொல்லியே பிழைத்தவன் நான். அந்த மனிதர் ஒரே வரியில் என்னை உட்கார வைத்துவிட்டார். வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே நீதான் கேட்க வேண்டும். இன்றே கேள்.

இங்கே வேறு செய்தி இல்லை. இரண்டாவது அறையில் கிடந்த அட்லாஸ்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். தூசி.

சாவி யாரிடம் என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

காலை உயர்த்தி வைத்துப் படு.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உனக்கு இருமல் ஏதும் இல்லையே? தூசி தட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்.

ரிசப்ஷனில் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்னைப் போன சுற்றிலிருந்தே தெரியும். "ரெண்டு சுத்துலயும் நீங்க இப்படி ஒண்ணு கேட்டதே இல்லையே, யாரு வர்றாங்க?" என்றாள். அண்ணன் என்றேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாம் சொன்னாள்.

விடமாட்டார்கள் என்றும் இல்லை, விடுவார்கள் என்றும் இல்லை. பயணி எழுதிக் கொடுக்க வேண்டும், கப்பல் வருவதற்கு இருபத்தொரு நாள் முன்னால். வருகிறவரின் அடையாள அட்டை எண், பிறந்த தேதி, உறவுமுறை. ஒரு ஊரில் மொத்தம் முப்பது பேருக்குத்தான் இடம். பாதுகாப்பு அதிகாரி பார்த்துச் சரி என்றால் சரி. அன்றைக்குக் காலையில்கூட வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. மூன்று மணி நேரம். பொழுதுபோகாத பெரிய மனிதர்கள் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அட்டை எண்ணை உடனே அனுப்பு. படிவத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளாக நான் யாருக்கும் எந்த உறவும் எழுதிக் கொடுக்கவில்லை.

லிஃப்ட் ரிப்பேர். காலையில் ஒன்பதாவது தளத்துக்குப் படியேறிப் போய் நடந்துவிட்டு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று தோன்றும்.

குளிரில் வெளியே போனால் காதை மூடிக்கொள்.

சின்னவள்

*

மார்ச் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

இருமல் இல்லை. அட்டையின் நகல் இணைத்திருக்கிறேன். படத்தில் திருடன் மாதிரி இருக்கிறேன் என்று டாக்சிக்காரர் சொல்கிறார். பாதுகாப்பு அதிகாரிக்கு நீ முன்கூட்டியே சமாதானம் சொல்லி வை.

உறவுமுறை என்ற இடத்தில் "உடன்பிறந்த அண்ணன்" என்று முழுதாக எழுது. சுருக்கினால் யாரோ ஒரு சொந்தக்காரர் என்று நினைத்துவிடுவார்கள்.

நீ ஒன்பதாவது தளத்துக்குப் படியேறியதில் மகிழ்ச்சி. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன சுற்று என்று எழுதியிருந்தாய். நான் இதுதான் உன் முதல் பயணம் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் நீ வீட்டில் இருந்து எவ்வளவு நாள் ஆகிறது? சாவியைப் பற்றிக் கேட்பது மூன்றாவது தடவை. வகுப்பில் மூன்று தடவை கேட்டும் பதில் வராவிட்டால், பிள்ளைக்குப் பதில் தெரியாமல் இல்லை, சொல்ல முடியாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இதையும் அப்படியே விடுகிறேன்.

இரண்டாவது அறைக்கு ஜன்னல் திரை வாங்கினேன். கடைக்காரன் என்ன நிறம் என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். யாருக்கு என்று கேட்டான். பச்சை கொடு என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேல்தளத்தில் நடக்கும்போது கைப்பிடியை விடாதே.

உன் அண்ணன்

*

மார்ச் 19

அண்ணா!

அனுமதி கிடைத்துவிட்டது. நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, நீ நன்றாகத்தான் இருப்பாய்.

ஏப்ரல் எட்டு. கப்பல் நேரம் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. மூன்றாம் எண் வாசலுக்கு வா. அட்டையை அங்கே வாங்கி வைத்துக்கொண்டு சட்டையில் ஒரு வில்லை ஒட்டுவார்கள். பத்தரைக்கு ஒரே ஒரு பஸ் எல்லா விருந்தாளிகளையும் ஏற்றிக்கொண்டு உள்ளே வரும். அதை விட்டால் வேறு பஸ் இல்லை. நான் ஏணியின் உச்சியில் நிற்பேன்.

சாப்பாடு பரிமாறும் மேஜைக்காரரிடம் சொல்லி ஜன்னல் ஓரமாக இரண்டு பேர் மேஜை பிடித்திருக்கிறேன். நீ ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுவாய் என்பதுகூட அவருக்குத் தெரியும் இப்போது. படுக்கை விரிக்கும் பெண் அன்றைக்கு யானை செய்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள், பெரியவருக்கு மரியாதையாம்.

"உங்க அண்ணன் நேரத்துக்கு வந்துடுவாரா?" என்று கேட்டாள்.

"சூரியன் லேட்டா வந்தாலும் எங்கண்ணன் லேட்டா வரமாட்டார்" என்றேன்.

நீ நேரில் சொல்ல வேண்டும் என்றது என்ன? நினைத்து நினைத்து எனக்குத் தலை வலிக்கிறது. உடம்புக்கு ஏதும் இல்லையே?

மழை வந்தால் என்ன செய்வாய்? குடை எடுத்துக்கொண்டு வா.

சின்னவள்

*

ஏப்ரல் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பயந்திருப்பாய்.

கப்பல் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. துறைமுகத்துக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உன் அடுத்த ஊரின் ஏஜென்ட்டுக்குப் போகும்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ "கப்பல் நேரம்" பத்து மணி என்று எழுதியிருந்தாய். வேறு யாராவது என்றால் இங்குள்ள கடிகாரத்தில் பத்து மணிக்கு வாசலில் போய் நின்றிருப்பான். நான் பூகோள வாத்தியார். கப்பல் கடைசியாக நின்ற ஊர் எனக்கு மேற்கே பதினைந்து பாகை. பதினைந்து பாகைக்கு ஒரு மணி நேரம். கப்பல் கடிகாரம் அந்த ஊர் நேரத்தைத்தான் காட்டும், ஆகவே அங்கே பத்து என்றால் இங்கே பதினொன்று என்று கணக்குப் போட்டேன். ஒரு தாளில் படம்கூட வரைந்து பார்த்தேன். பத்து ஐம்பதுக்கு வாசலில் இருந்தேன், பத்து நிமிடம் முன்னாடியே வந்துவிட்ட பெருமையோடு.

"விசிட்டர் பஸ் பத்தரைக்கே போயிடுச்சே சார்" என்றான் காவல்காரன்.

"கப்பல் நேரப்படி இன்னும் பத்தே ஆகலையே."

"கப்பல்ல நேத்தே கடிகாரத்த நம்ம நேரத்துக்கு மாத்திட்டாங்க சார். ஒவ்வொரு ஊருக்கும் மாத்திடுவாங்க."

டாக்சிக்காரர் என் பக்கத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒம்பது மணிக்கே கெளம்பலாம்னு நான் சொன்னேன். நீங்கதான் பூமி சுத்துறதப் பத்திப் பாடம் எடுத்தீங்க."

காவல்காரன் கப்பலுக்குப் போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்கள், விருந்தாளிகளை ஏற்றும் நேரம் முடிந்தது என்றார்கள். உனக்குச் செய்தியாவது சொல்லச் சொன்னேன். சொன்னார்களா?

வேலி ஓரமாக நடந்து கப்பல் முழுதாகத் தெரிகிற இடத்துக்குப் போனேன். எவ்வளவு உயரம்! மேல்தளத்தில் எறும்பு மாதிரி தலைகள். எது நீ என்று தெரியவில்லை. குடையை விரித்து எல்லோருக்குமாகச் சேர்த்து ஆட்டினேன். நீலக் குடை. நாலு மணி வரை நின்றேன்.

சட்டைப் பையில் ஒரு சாவி வைத்திருந்தேன். புதிதாக வெட்டியது. அதை வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோகிறேன்.

என்னை மன்னித்துவிடு. ஒரு வரியாவது எழுது.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 29

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

பதில் வரவில்லை. தபால்காரரை நான் மாடியிலிருந்து பார்க்கிறேன் என்று தெரிந்து, அவர் தெருமுனையிலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். அவருக்கு மாடிப்படி ஏறுவது மிச்சம்.

பட்டியலில் பதினாலாவது ஊருக்கு இதை அனுப்புகிறேன். அந்த ஊரின் மழையளவு, விளைபொருள், மலைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். நீ அங்கே இருக்கிறாயா என்பது மட்டும் தெரியாது.

உன் அண்ணன்

*

மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தான். உன் இரண்டு கடிதமும் இன்றைக்குத்தான் ஒன்றாகக் கைக்கு வந்தன. உன் ஊருக்கு அடுத்த ஊரில் ஏஜென்ட் ஆபீஸ் மூடியிருந்தது, பையை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். செய்தி எதுவும் அன்றைக்கு எனக்கு வரவில்லை.

ஆகவே ஒரு மாதமாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பஸ் வந்தது, பதினேழு பேர் இறங்கினார்கள், நீ இல்லை. வேறு யாராவது வராவிட்டால் பஸ் தவறியிருக்கும் என்று நினைப்பேன். நீ வராவிட்டால் உனக்கு வர மனமில்லை என்றுதானே அர்த்தம்? நீ நேரம் தவறி நான் பார்த்ததே இல்லையே.

இரண்டு பேர் மேஜையில் தனியாகச் சாப்பிட்டேன். மேஜைக்காரர் எதிர்த் தட்டை எடுக்கவில்லை, நான் எடுக்கச் சொல்லும்வரை. அறைக்குப் போனால் கட்டிலில் யானை.

அதன் பிறகு ஒன்பதாவது தளத்துக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நீலக் குடையை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தூரப் பார்வை சரியில்லை. யாரோ யாரையோ வழியனுப்புகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள், "பாவம், யாரும் கண்டுக்கலை போல. யாராவது பதிலுக்குக் கையக் காட்டுங்களேன்" என்றார்.

நான் காட்டினேன் அண்ணா. யாரோ ஒருத்தருக்கு என்று காட்டினேன். ரொம்ப நேரம் இல்லை. கை வலித்தது, நிறுத்திவிட்டேன்.

அடுத்த சுற்றுக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

ஒரு விஷயம். திரும்பும் வழியில் ஒரு துறைமுகத்தில் மராமத்து நடக்கிறது. அதற்குப் பதில் கப்பல் ஜூன் இருபத்தாறு மறுபடி உன் ஊரில் நிற்குமாம். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை. அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். சும்மா சொன்னேன்.

சின்னவள்

*

மே 18

அன்புள்ள சின்னவளுக்கு,

உடம்பு சௌகரியம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நேரில் சொல்ல நினைத்ததை இனி எழுதிவிடுகிறேன். கிழிக்க மாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், உன் வீட்டுக்காரர் காலமான இரண்டாம் மாதம் நீ இங்கே வந்தாய். பத்து நாள் இருக்கிறேன் என்றாய். ஒன்பதாம் நாள் காலை காப்பியோடு சேர்த்து உன் திரும்பும் ரயில் டிக்கெட்டை மேஜையில் வைத்தேன். கீழ்ப்படுக்கை, ஜன்னல் ஓரம். அலைந்து வாங்கியது. நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்ல சீட் அண்ணா" என்றாய்.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்த பிள்ளை பதினோராம் நாள் பெஞ்சில் இருக்க வேண்டும் என்பது என் சட்டம். அதைத் தங்கைக்கும் போட்டுவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் கொடியில் ஒரு தலையணை உறை காய்ந்துகொண்டிருந்தது. பூப்போட்டது. என் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறவள் சொந்தத் தலையணை எடுத்துக்கொண்டு வருவாளா?

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கலாம். அறையில் இடமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாற்பது தேசப்படம், ஆறு பூகோள உருண்டை, பழைய அட்லாஸ். உலகம் முழுவதற்கும் அந்த அறையில் இடம் இருந்தது, உனக்கு இல்லை. நல்ல வாத்தியார்.

அந்த அறை இப்போது காலியாக இருக்கிறது. ஒரு கட்டில், பச்சைத் திரை, எரிகிற பல்பு. உறையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

இத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். உங்கள் கப்பல் படிவத்தைப் பார்த்துக் கோடு போட்டு நானே தயாரித்தது. என் வீட்டுக்கு வருகிறவர் நிரப்ப வேண்டியது. இருபத்தொரு நாள் முன்னால் வேண்டும் என்ற விதி இங்கே இல்லை. பாதுகாப்பு அதிகாரி டாக்சிக்காரர்தான், சரி என்று சொல்லிவிட்டார். நிரப்பி அனுப்பு.

கண்ணாடியை மாற்று. தூரப் பார்வையைப் பரிசோதித்துக்கொள்.

உன் அண்ணன்

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம், சுகம். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என் கணுக்கால் சுளுக்கவே இல்லை. உனக்கு அது முதலிலேயே தெரியும் என்று எனக்கும் தெரியும். இறங்கி உன் வீட்டுக்கு வந்தால் நீ அன்றைக்கும் கடிகாரத்தைப் பார்ப்பாய், "நாலு மணிக்குக் கப்பல், மூணுக்குக் கிளம்பணும்" என்பாய். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை. கப்பலில் என்றால் நீதானே விருந்தாளி, நீதானே போக வேண்டும். அதனால்தான் உன்னை இங்கே கூப்பிட்டேன்.

சாவியைக் கேட்டாய். சாவி இல்லை. வீடு வேறு ஆளுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. செடிகளையும் அவர்களுக்கே விட்டுவிட்டேன். போன சுற்றிலும் இந்தக் கப்பல் உன் ஊரில் நின்றது. நான் உனக்கு எழுதவில்லை. ஒன்பதாவது தளத்தில் உட்கார்ந்து, உன் வீடு எந்தப் பக்கம் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம் என்று முடிவு செய்தேன். சரியா?

ஒரு மேஜையில் எல்லாரும் நல்லவர்கள் அண்ணா, பத்து நாளைக்கு. முப்பது வருடம் மற்றவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தேன். இங்கே அறையில் அழகான ஒரு போன் இருக்கிறது. ரிசப்ஷனில் தப்பாக அழுத்தினால்தான் அது அடிக்கும்.

படிவத்தை நிரப்பியிருக்கிறேன். உறவுமுறை: உடன்பிறந்த தங்கை. வரும் நேரம்: ஜூன் இருபத்தாறு, காலை பத்து மணி. புறப்படும் நேரம்: அன்றே பகல் ஒரு மணி. கொண்டுவரும் சாமான்: ஒரு கைப்பை.

மூன்று மணி நேரம்தான் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஒரு தடவை வாய்விட்டுக் கேட்காமல் கேட்டுப் பார்த்தேன், அது வேலைக்கு ஆகவில்லை.

அடுத்த சுற்றுக்குக் கையெழுத்து ஜூன் இருபத்தாறு காலைக்குள் போட வேண்டுமாம். இன்னும் போடவில்லை.

சின்னவள்

*

ஜூன் 10

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம் சரி. மூன்றாவது மாடி, பச்சைத் திரை.

உன் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே, சிவப்பு மையால் இரண்டு இடத்தில் திருத்தியிருக்கிறேன். புறப்படும் நேரம் என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். அந்தக் கட்டத்தையே அடித்துவிட்டேன். கொண்டுவரும் சாமான் என்ற இடத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தது. தலையணை என்று சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் கடைசித் துறைமுகத்துக்கு உன் கப்பலுக்கு முன்னால் போய்ச் சேருமா என்று பென்சிலை எடுத்தேன். தபால் எத்தனை நாள், கப்பல் எத்தனை மைல் என்று இரண்டு வரி போட்டேன். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். என் கணக்கு உனக்குச் செய்தது போதும்.

ஆகவே இது உனக்குக் கிடைக்காமலும் போகலாம். கிடைக்காமல் நீ அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால், அதையும் நான் தெரிந்துகொள்ள வழியில்லை. நான் செய்யக்கூடியது ஒன்றுதான். எந்த ஊர்க் கடிகாரமாக இருந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கு விடிந்ததிலிருந்து மூன்றாம் எண் வாசலில் நிற்பேன். சாவி பையில் இருக்கும். டாக்சிக்காரர் நாற்காலி கொண்டுவருவதாகச் சொல்கிறார்.

ஒன்பதாவது தளத்துக்கு ஒரு தடவை போய்ப் பார். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் நீலக் குடையை ஆட்டிக்கொண்டிருந்தால், அது உனக்குத்தான்.

உன் அண்ணன்